நடு ஹாலில் ஒரு சொம்புத் தண்ணீர்

நோன்பு மாதத்து மதியம். தேனாம்பேட்டை வீட்டு ஹாலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாலைக்குச் சமோசா மடித்துக்கொண்டிருந்தார்கள். மெஹக் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, அவர்கள் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஏய், இன்னா பண்றே? நோன்பாளிங்க எதுர்லயா?" என்றாள் ஜமீலுன்னிசா. மெஹக்குடைய அம்மாவின் அக்கா, அவளுக்குக் காலாம்மா. அவள் குரல் எழுந்தால் வீடே வாயை மூடிக்கொள்ளும். "உடம்பு சரியில்லாத பொண்ணு, குடிக்காதேன்னு யாரும் சொல்லல. கிச்சனுக்குப் போய்க் குடி. மரியாதைன்னு ஒண்ணு கீதுல்ல."

மெஹக்குக்குப் பதினைந்து வயது. பார்த்தால் பத்து என்பார்கள். போன ரமலானுக்கு முந்தைய ரமலானில் அவளும் நோன்பு வைத்தாள். என்னத்தை வைத்தாள், நாக்கு வறண்டு உயிரே போனது. பாத்ரூம் குழாயில் வாய் வைத்தவளை ஜமீலுன்னிசா பிடித்துவிட்டாள். "திருட்டு நோன்பு" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்தாள். மானம் போயிற்று. அதற்கப்புறம் ரமலான் முடிந்தும் மெஹக் ஒளிந்தேதான் தண்ணீர் குடித்தாள். ஓயாமல் பாத்ரூம் போனதையும் மறைத்தாள். அவள் வளரவில்லை, வயசுக்கு வரவில்லை. நம்ம வம்சமே குள்ளம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து, வாந்தி எடுத்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா ஜுவேரியா திருதிருவென்று முழித்தாள். மூளையில் கட்டி. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வருகிற வகை, அடங்காத தாகமும் நின்றுபோன வளர்த்தியும்தான் பலருக்கு முதலில் தெரியும் என்றார் டாக்டர். ரேடியேஷனில் கட்டி கரைந்தது. தாகம் போகவில்லை. அதற்கு ஆயுசு முழுக்க மாத்திரையும் தண்ணீரும் வேண்டும்.

ஜுவேரியா மகளின் தோளைத் தொட்டாள். "உள்ள வாடி. எதுக்கு வம்பு?"

"வர மாட்டேன் அம்மி." மெஹக் காலிச் சொம்பை ணங்கென்று தரையில் வைத்தாள். "நான் ஒளிஞ்சு குடிச்சதாலதான் டாக்டர் கேட்டப்போ உனக்குப் பதில் தெரியல. நான் வளரல, உள்ள அது வளர்ந்துக்கினே இருந்திச்சு. இனிமே ஒளிய மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும். எவ்ளோ குடிக்கிறேன்னு எண்ணட்டும்."

"நான் அன்னிக்குச் சிரிச்சதுக்கா இப்போ பழி வாங்கறே?" என்றாள் ஜமீலுன்னிசா.

"நீங்க சிரிச்சீங்க காலாம்மா. அதைத்தான் சொல்றேன்."

ஜமீலுன்னிசா கையில் இருந்த சமோசா மாவுப் பட்டி காய்ந்து விரிந்தது. ஜுவேரியா குனிந்து காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனாள். அவ்வளவுதான், அம்மாவும் காலாம்மா பக்கம்தான் என்று மெஹக் நினைத்தாள்.

ஜுவேரியா திரும்பி வந்தாள். தளும்பத் தளும்ப இருந்த சொம்பை மாவுத் தட்டுகளுக்கு நடுவில், மகளுக்கு எதிரே வைத்தாள். அக்காவை நேராகப் பார்த்தாள்.

"இது ரெண்டாவது சொம்பு" என்றாள்.