ஒன்பதாம் பாகத்துக்கு ஒரு ஓட்டு

லிஃப்ட் மெக்கானிக்கான அவளுக்கு அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. யாரோ தவறவிட்ட கொண்டை ஊசி கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கி, நாலாவது மாடியில் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊசியை நெம்பி எடுத்து, கதவை இருபது தடவை திறந்து மூடிப் பார்த்து முடிப்பதற்குள் மணி இரண்டாகிவிட்டது. நகக்கண்ணில் கிரீஸோடு நேராகச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அனிமே தொடர்களை டிஸ்க்காக வாங்கிப் பார்க்கிற பதினாறு பேர். தலைவர் அவள் தங்கையின் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாதம் ஒரு சனிக்கிழமை அவருடைய பள்ளியின் அறிவியல் அறையில் கூடி, பார்த்ததைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவார்கள்.

இந்தத் தடவை பேச்சு ‘வளையக் கப்பல்’ பற்றி. எட்டாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு வேறொரு நட்சத்திரத்துக்குப் போகும் கப்பலின் கதை அது. இருபத்தாறு பாகம், ஆறு டிஸ்க். மறுபதிப்பை ஐந்தே டிஸ்க்கில் அடக்கிவிட நினைத்த வெளியீட்டுக் கம்பெனி, எந்தெந்தப் பாகங்களை விட்டால் குடி முழுகிப் போகாது என்று ரசிகர் சங்கங்களிடம் கேட்டிருந்தது. அன்றுதான் கடைசி நாள்.

வாத்தியார் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். “எங்கள் சங்கத்தின் ஒருமித்த கருத்துப்படி, ஒன்பதாம் பாகம் உட்பட நான்கு பாகங்களை நீக்கலாம்” என்று வாசித்துவிட்டுப் பேனாவை முதல் வரிசைக்கு நீட்டினார். காகிதம் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. அவள் அதைப் படித்து மேசையில் வைத்தாள்.

“ஒருமித்தன்னு போடாதீங்க மாப்பிள்ளை. நான் ஒத்துக்கல.”

“எதை அக்கா?”

“ஒன்பதாம் பாகத்தைத் தூக்குறதை. மத்த மூணையும் என்னவோ பண்ணிக்கோங்க.”

ஒன்பதாம் பாகத்தில் சண்டை கிடையாது. கப்பலின் ஒரு காற்றுக் கதவில் ரப்பர் விளிம்பு தேய்ந்து காற்று கசிகிறது. ஒரு மெக்கானிக் பெண் இருபத்து மூன்று நிமிடம் தனியாக அதை மாற்றுகிறாள். பேச்சும் அதிகமில்லை. கதாநாயகன் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைத் தாண்டிப் போகிறான்.

“மெக்கானிக்குக்கு மெக்கானிக் கதை பிடிச்சிருக்கு. இதுல என்ன அதிசயம்?” என்றார் டாக்ஸி ஓட்டுநர். அறை சிரித்தது.

“நீங்க பத்து பாகமா அந்தக் கப்பல் தளபதியைத் தலையில தூக்கி வெச்சிட்டு ஆடுறீங்களே, நீங்க எந்தப் படைக்குத் தளபதி?” என்றாள் அவள். இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் காகிதம் மட்டும் அவள் முன்னால் அப்படியே கிடந்தது.

வாத்தியார் குரலைத் தணித்தார். “அக்கா, சங்கம்னா நாலு பேரோட ஒத்துப் போகணும். பதினஞ்சு பேர் ஒண்ணு சொல்றப்ப…”

“சரி, பதினஞ்சு பேர்ல எத்தனை பேர் அதை முழுசாப் பார்த்தீங்க? கையைத் தூக்குங்க.”

ஐந்து கைகள் எழுந்தன. ஒன்று பாதியிலேயே இறங்கிவிட்டது. மற்றவர்கள் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிட்டவர்கள். வாத்தியாரின் கை மேசைமேல் இருந்தது.

“நீங்களுமா?” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் அவள் போன் அடித்தது. தங்கை. விஷயம் அதற்குள் யார் மூலமோ வீடு வரைக்கும் போயிருந்தது. “ஏன்க்கா, ஒரு கார்ட்டூனுக்காக இவரை எல்லார் முன்னாடியும் நிக்க வெக்கணுமா? நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தான்.”

“முயலை நான் எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். உன் வீட்டுக்காரர்தான் பார்க்காமலே கணக்குப் போடுறார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மாப்பிள்ளையை இதுவரை அவள் எதிர்த்துப் பேசியதில்லை. இன்னும் ஒரு சொல் முற்றினால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிடும் என்றும் தெரியும். இருந்தாலும் எழுந்து பிளேயர் பக்கம் போனாள்.

“இருபத்து மூணு நிமிஷம். பார்த்துட்டு வேணாம்னு எழுதுங்க, நான் வாயைத் திறக்கல. பார்க்காம எழுதினா என் பேர் இந்தச் சங்கத்துலயே வேணாம்.”

யாரும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை. அவளே விளக்கை அணைத்து டிஸ்க்கைப் போட்டாள்.

பத்தாவது நிமிடத்தில் டாக்ஸி ஓட்டுநர் தூங்கிவிட்டார். இரண்டு பேர் போனை எடுத்தார்கள். திரையில் அந்தப் பெண் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, கதவில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். பிறகு, முறுக்கிய பன்னிரண்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்படியே விட்டிருந்தாலும் யாரும் அவளைக் கேட்டிருக்கப் போவதில்லை. இந்த இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அன்றும் அப்படித்தான்.

விளக்கைப் போட்டதும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் முதலில் பேசினார். “எனக்கு அலுப்பாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. ஆனா அவ எல்லாத்தையும் கழட்டினாளே, அப்ப எனக்கு என் வார்டு ஞாபகம் வந்துருச்சு. என் கையெழுத்தை அடிச்சிடுங்க வாத்தியாரே.”

இன்னும் இரண்டு பேர் தங்கள் கையெழுத்தை அடித்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. “கதை நகரலையே” என்றார்கள். “அவ கழட்டுறா, மாட்டுறா, அவ்வளவுதானே?”

“எனக்கும் அதே அபிப்பிராயம்தான் அக்கா” என்றார் வாத்தியார். “இப்ப முழுசாப் பார்த்தாச்சு. நல்லா இல்ல.”

“சரி. இப்ப நீங்க தாராளமாச் சொல்லலாம்.”

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ‘ஒருமித்த’ என்பதை அடித்து, மேலே ‘பெரும்பான்மை’ என்று எழுதினார். கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘ஒன்பதாம் பாகத்தை நீக்குவதை நான்கு பேர் ஏற்கவில்லை.’ எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தின் ஓரத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

கம்பெனி பெரும்பான்மை சொன்னதைத்தான் கேட்டது. நாலு மாதம் கழித்து ஐந்து டிஸ்க் பெட்டி வந்தது. ஒன்பதாம் பாகம் அதில் இல்லை. அதை விற்கிற இணையதளத்தில் வாத்தியார் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘விறுவிறுப்பான பதிப்பு, தேவையற்றது எதுவும் இல்லை’ என்று எழுதினார். அதற்கு நேர் கீழே அவள் ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். ‘ஒரு பாகத்தைக் காணோம். அதில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்னிடம் பழைய டிஸ்க் இருக்கிறது’ என்று எழுதினாள்.

அதைத் திட்டி இருபது பேர் எழுதினார்கள். டிஸ்க்கைக் கேட்டு ஒன்பது பேர் எழுதினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாத்தியார் அந்த ஒரு நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னார். அவள் முடியாது என்றாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டு இருவருக்கும் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.