மூக்கு உடைந்த அந்தோணியார்

கட்டிலில் கிடந்த அம்மாவின் கட்டைவிரல் கைத்துண்டுக்குள் அந்தோணியாரின் உடைந்த மூக்கைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கவில்லை.

"இது அவர் இல்லடி," என்றாள் மகளிடம்.

இல்லைதான். அது பவுடர் டப்பா. மண்ணால் செய்த அந்தோணியார் சுரூபத்தைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த கையோடு, அண்ணன்தான் அதைக் கைத்துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தான். சர்க்கரையில் கண் போனவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. முப்பது வருடம் தையல் கடையில் பொத்தான் தைத்த விரல்கள் அவை. சுரூபத்தின் மூக்கை ஏழு வயதில் பந்தடித்து உடைத்தவனும் இதே மகராசன்தான்.

சுரூபமும் படமும் கூடாது என்கிற புது சபைக்குப் போகத் தொடங்கிய ஒன்றரை வருடத்தில் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் ஒழித்துக்கட்டியிருந்தான். மிஞ்சியது அம்மாவின் தலைமாட்டில் இருந்த ஒரு சாண் அந்தோணியார் மட்டும். அம்மா இன்றைக்குத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் அந்தோணியாருக்கும் முடிவு வந்துவிட்டது.

"அவர எங்கடா வச்ச?"

"விக்கிரகத்தக் கையில வச்சுக்கிட்டா சாகப் போற? அது வெறும் மண்ணும்மா. அதுக்குக் காது கேக்குமா?"

"மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பா கையப் புடிச்சுப் பேசினப்ப, கைகிட்டயாடா பேசினேன்? மேல எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்கன்னு அவர்கிட்ட கேக்கறேன். அவ்வளவுதான்."

"நேரா ஆண்டவர்கிட்ட கேளு."

"தனியா போகப் பயமா இருக்குடா."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீயாவது எடுத்துக் குடேன்டி."

குப்பை லாரி பத்து மணிக்குத்தான் வரும். ஓடினால் எடுத்துவிடலாம். ஆனால் அவள் புருஷனை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவள். அண்ணனைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பி, கூடாது என்று தலையசைத்தான்.

"அவர்தாம்மா இது. நல்லாப் புடிச்சுக்கோ."

"சரி," என்றாள் அம்மா. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. லாரி வந்துபோன கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

அண்ணன் கட்டிலின் மேல் விழுந்தான். அம்மாவின் பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மாறி மாறி முத்தமிட்டான். "மன்னிச்சுடும்மா. ஒரு வார்த்த பேசும்மா," என்று கதறினான்.

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. தன்மேலும் வரவில்லை.

"எந்திரிண்ணா," என்றாள். "அது வெறும் மண்ணு. அதுக்குக் காது கேக்காது."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துண்டை எடுத்தாள். தேய்த்துத் தேய்த்து டப்பாவின் மூடி திருகிக் கழன்றிருந்தது. கட்டைவிரல் நகக்கண் வரைக்கும் பவுடரில் வெள்ளையாக இருந்தது.