முனை பார்த்த பென்சில்

மேக்கப்காரியின் கண் திறக்க மறுத்து அன்றைக்கு நாலாவது காலை. இமைகள் மஞ்சள் பீளையில் பசை போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தன. வீட்டில் யார்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தாள். நாத்தனார் வசமாகச் சிக்கினாள்.

"உன் துண்டால வந்த வினை இது."

"நல்லா இருக்கு அண்ணி. என் கண்ணு பளிச்சுன்னு இருக்கு, பாத்துக்கங்க. ராத்திரி மையோடவே கவுந்து படுக்கறது நானா?"

மேக்கப்காரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை நாள் பேசவில்லை. அக்கம்பக்கத்துக்குத்தான் நிம்மதி.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மறுநாள் நடனப் பள்ளியில் ஆண்டு விழா. எட்டுப் பிள்ளைகளின் மேக்கப் நன்றாக அமைந்தால், வருஷம் முழுக்க அந்த வேலை அவளுக்கே என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்தக் கண்ணோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா இமையைப் பிரித்துப் பார்த்தார். "காலையில ஓரத்துல கொஞ்சம் காஞ்சு இருந்தா, அது எல்லாருக்கும் வர்றதுதான். இது தொத்து. கண்ணுல என்ன போடறீங்க?"

"மை பென்சில்தான். ஒவ்வொரு கஸ்டமருக்கும் முன்னாடி, முனை குத்துதான்னு என் கண்ணுல ஒரு இழு இழுத்துப் பாப்பேன். பதினஞ்சு வருஷப் பழக்கம்."

பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ ஊர்ல உள்ள கண்ணு நோயெல்லாம் உங்க வழியாத்தான் போகுது."

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், கண்ணுக்கு ஒரு பஞ்சு. கசக்கக் கூடாது. மையைக் கழுவாமல் தூங்கக் கூடாது. பழைய பென்சிலெல்லாம் குப்பைக்கு.

படியிறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தாநாள் ஒத்திகை; அப்போது கண் இவ்வளவு மோசமில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பென்சில்.

டீச்சரின் எண்ணை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவை விட்டாள். நாலாவது தடவை அழுத்திவிட்டாள்.

"டீச்சர், பிள்ளைங்க கண்ணெல்லாம் எப்படி இருக்கு?"

"ரெண்டு பேருக்குக் காலையில ஒட்டிக்கிச்சாம். புதுத் துணி தூசுன்னு தையல்காரரைத் திட்டிக்கிட்டிருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

தேடாமலே கிடைத்த நல்ல பழி. அதை அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது.

"அவரை விட்டுடுங்க டீச்சர். என் பென்சில்தான். எட்டுப் பேரையும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."



"நாளைக்கு நீங்க வர வேண்டாம். இனிமேலும்."

போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். வேறு யாரும் மிச்சமில்லை.