லாரிப் பட்டை

சோலைமுத்துவின் பிக்கப் வண்டி குடகனாற்றின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பட்டாளத்தார் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து, பச்சையை மறைத்து நீலம் அடித்து, நெற்றியில் 'முருகன் துணை' என்று எழுதிய வண்டி. முருகன் அன்றைக்கும் துணைக்கு இருந்திருப்பார். ஆனால் வெங்காய மூட்டைகள் அவரையும் மீறிவிட்டன. பின்பக்கம் தணிந்துபோய், பின் அச்சின் நடுவிலிருக்கிற இரும்புக் குடம் ஆற்றுக்குள் கிடந்த பாறையின் மேல் ஏறி மாட்டிக்கொண்டது. சக்கரங்கள் இரண்டும் தண்ணீரைக் கடைந்தன. வெண்ணெய்தான் திரளவில்லை.

பின்னால் காத்தமுத்துவின் மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. பிக்கப் வருவதற்கு முன்பு செங்காட்டுப்பட்டி வெங்காயம் முழுவதும் திண்டுக்கல் சந்தைக்கு அவர் வண்டிகளில்தான் போகும். பிக்கப் வந்த முதல் வாரமே சோலைமுத்து டீக்கடையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "இனிமே வண்டி மாடெல்லாம் பொங்கலுக்குக் கொம்பு சீவத்தான்" என்று சொல்லியிருந்தான். அதோடு விட்டிருக்கலாம். ஏற இடம் கேட்ட வண்டிக்காரர்களிடம், "என் வண்டியில மூட்டைதான் ஏறும், மனுசன் ஏற மாட்டான். மூட்டைக்கு வாய் கிடையாது பாருங்க" என்றும் சொன்னான்.

காத்தமுத்து அவசரப்படவில்லை. வெற்றிலையை மென்று முடித்தார். ஆற்றில் துப்பினார். பிறகு கேட்டார்.

"என்ன சோலை, வண்டி தண்ணி குடிக்குதா?"

சோலைமுத்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

"குடிக்கட்டும் அப்பு. வாயில்லா சீவன்."

நான்கு மாடுகளைப் பூட்டி இழுத்த பிறகுதான் பிக்கப் கரையேறியது. அன்று சாயங்காலம் அந்த நான்கு மாடுகளுக்கும் தாடிக்கொம்பிலிருந்து வாங்கிவந்த கதம்ப மாலையைப் போட்டு, குளத்துக்குப் போகிற வழி அதுவல்ல என்று தெரிந்தும், சோலைமுத்துவின் வீட்டு வாசல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார் காத்தமுத்து. மாடுகளுக்கு அந்த மரியாதை பழக்கமில்லை. ஒன்று மற்றதன் மாலையைத் தின்றுகொண்டே போனது.

மறுநாள் சோலைமுத்து வண்டியை நாகல்நகரில் ஸ்தனிஸ்லாஸ் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினான். ஸ்தனிஸ்லாஸ் வாய் ஓயாத மனிதர். திண்டுக்கல்லில் ஓடுகிற எந்த வண்டியும் தன் கையால் தட்டப்படாமல் நேராக நின்றதில்லை என்பது அவருடைய கட்சி. வண்டிக்கு அடியில் படுத்து, பாரம் தாங்குகிற வில்பட்டைகளைப் பார்த்துவிட்டு வந்து, "பட்டை எல்லாம் களைச்சுப் போச்சு. ரெண்டு பட்டை கூடப் போட்டு, பழசுக்கு வளைவு ஏத்தினா போதும். நாலு வெரக்கடை தூக்கிரும்" என்றார்.

சோலைமுத்துவின் கண் மூலையில் கிடந்த குவியலில் நின்றது. உள்ளங்கை அகலத்தில், விரல் கனத்தில் பட்டைகள்.

"அதைப் போடுங்கண்ணே."

"அது லாரிக்குள்ளதுப்பா."

"அதனாலதான் கேக்குறேன்."

"சட்டைப் பையில தேங்காயப் போடுன்னு சொல்ற. சரி, சட்டை உன்னுது."

அன்று பார்த்ததைச் சோலைமுத்து யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. உலையில் படுத்துக் கிடந்த பட்டை முதலில் கறுப்பாகவே அடம்பிடித்தது. துருத்தி ஊத ஊத அதன் நடுவில் மாதுளம்பழத்தைப் பிளந்தது மாதிரி ஒரு சிவப்பு தோன்றி இரண்டு முனைக்கும் பரவியது. ஸ்தனிஸ்லாஸ் அதை இடுக்கியால் தூக்கிய கணத்தில் அவருடைய பேச்சு நின்றது. ஊரில் அதை யாரும் நம்பமாட்டார்கள். சம்மட்டி விழ விழ, உலகத்தில் எதற்கும் வளையாது என்றிருந்த அந்த இரும்பு, ஒரு பெண் எதையோ கேட்டு வியந்து புருவம் தூக்கியதுபோல மெல்ல வளைந்தது. எண்ணெயில் முக்கியதும் சீறி, புகைந்து, அடங்கி, மறுபடியும் பழைய வீம்புக்காரனாகியது. ஆனால் வளைவு வளைவுதான். நீளமானது மேலே, அடுத்தது அதன் கீழே, கடைசியில் ஒரு குட்டை என்று பள்ளிக்கூடத்து வரிசைபோல் அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டை இறக்கி முறுக்கி, அச்சோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜாக்கியை இறக்கியபோது வண்டி தணியவே இல்லை. பின்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்று ஸ்தனிஸ்லாஸுக்குப் பேச்சு திரும்பியது. "பாரம் இருந்தா இது பஞ்சு மெத்தை. வெறும் வண்டியா ஓட்டுன, உன் பல்ல நீயே பொறுக்கிக்க. திரும்பி வாறப்ப நாலு கூடை மண்ணாவது போட்டு ஓட்டு."

இரண்டும் உண்மையாக இருந்தன. பழைய கணக்கைப்போல் ஒன்றரை மடங்கு மூட்டைகளோடு ஆற்றில் இறங்கியபோது வண்டி சமமாக, அலுங்காமல், பாறைக்கு மேலே போனது. சோலைமுத்து வேண்டுமென்றே நடு ஆற்றில் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தான். பாறைக்கும் குடத்துக்கும் நடுவே தண்ணீர் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த காத்தமுத்துவும் குனிந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பக்கூட இல்லை.

வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் பட்டைகள் தங்கள் சாதியைக் காட்டின. ஒரு கூழாங்கல் போதும்; பின்பக்கம் ஆட்டுக்கிடாய் மாதிரி துள்ளி எழுந்து வேறு இடத்தில் விழுந்தது. சோலைமுத்துவின் தலை கூரைத் தகரத்தில் உள்ளிருந்து குழிவு போட்டிருந்தது. மண் ஏற்றலாம்தான். ஆனால் ஊருக்குள் மண்ணைச் சுமந்துகொண்டு வருவதைக் காத்தமுத்து பார்த்தால் என்ன கேட்பார் என்று நினைத்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு வருவதே மேல் என்று பட்டது. பல் ஆடாமலிருக்கத் துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டான். பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார்கள். வண்டிக்கு ஊர் வைத்த பெயர் கும்பிடு. எந்நேரமும் குனிந்தே நின்றதால், தாலுகா ஆபீஸ் வாசலில் மட்டும் அதற்கு நல்ல பெயர் இருந்தது. சோலைமுத்துவின் மனைவி சண்முகவள்ளி ஒரே ஒரு தடவை அதில் ஏறினாள். மாதா கோயில் முக்கில் இறங்கி, மீதி வழி நடந்தே வந்து, அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், சண்முகவள்ளிக்கு வலி கண்டது. மருத்துவச்சி மூக்காயி உள்ளே போய் வெகுநேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்கு. என் கைக்கு அடங்காது. டவுனுக் கன்னியர் ஆஸ்பத்திரிதான்."

"வண்டி இருக்கு ஆத்தா. இந்தா எடுக்கேன்."

"எந்த வண்டி, அதா?" மூக்காயி தெருவில் குனிந்து நின்ற பிக்கப்பைப் பார்த்தாள். "அதுல ஏத்துனா மாதா கோயில் தாண்டாது, ரெண்டு உசுரும்."

"மாட்டு வண்டியில..."

"ஆத்துல தண்ணி போகுது. அது போய்ச் சேர மத்தியானம் ஆயிரும். அம்புட்டு நேரம் இல்ல சோலை."

சோலைமுத்து வண்டியருகே போய் நின்றான். வெங்காயம் போன வாரமே முடிந்துவிட்டது. வீட்டில் காலிச் சாக்குகள் இருந்தன. மண் வெட்டிச் சாக்கில் கட்டலாம்; ஈர மண்ணை வெட்டி முடிப்பதற்குள்... உள்ளிருந்து சண்முகவள்ளியின் குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை. அவன் பின்பக்கம் போய்ப் பட்டைக்கட்டைப் பார்த்தான். அவன் பார்க்கப் பார்க்கச் சிவந்து வளைந்த இரும்பு. இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றி, தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினான். அசையவில்லை. மறுபடியும் அமுக்கினான். அழுதுகொண்டே அமுக்குகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

எதிரே டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காத்தமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். தெருவைத் தாண்டி வந்தார். குனிந்து பட்டையைப் பார்த்தார்.

"எம்புட்டுப் பாரம் வேணும்?"

சோலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தான். "பதினஞ்சு மூட்டையாவது ஏறினாத்தான் இளகும், மாமா." மாமா என்று அவன் கூப்பிட்டு வெகுகாலமாகியிருந்தது.

காத்தமுத்து திரும்பி டீக்கடையைப் பார்த்தார். "ஏலே, எந்திரிச்சு வாங்க. எல்லாம் ஏறுங்க." பிறகு சோலைமுத்துவிடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "எங்கள மூட்டைன்னு வச்சுக்க. வாயத் தொறக்க மாட்டோம்."

ஏற்றுகிற வேலையை மூக்காயி எடுத்துக்கொண்டாள். பெண்கள் பலரும் ஓடிவந்தார்கள். அவர்களை எடை பத்தாது என்று தள்ளிவிட்டாள். கயிற்றுக் கட்டிலோடு சண்முகவள்ளியைத் தூக்கி முன்பக்கம் வைத்து, சுற்றிச் சேலை கட்டி மறைத்து, தானும் சொம்புத் தண்ணீரோடு உள்ளே உட்கார்ந்தாள். "கட்டிலுக்கு முதுகக் காட்டி உக்காருங்க. கண்ணு காட்டுலதான் இருக்கணும்" என்றாள். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக ஏற ஏற, காத்தமுத்து பட்டையருகே குந்தி, சந்தையில் எடை பார்ப்பவர்போல் தலையசைத்துக்கொண்டிருந்தார். போதவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராயப்பராஜ் வாத்தியார் குடையோடு தெரு முக்கில் தோன்றினார். ஊரிலேயே பருத்த சரீரம். அவருக்கு முதுகுப்புறம் ஊர் வைத்திருந்த பெயர்களை அவரும் அறிவார். மொத்த வண்டியும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"வாத்தியாரய்யா, நீங்க ரெண்டு மூட்டை. நேரா அச்சுக்கு மேல உக்காரணும்" என்றார் காத்தமுத்து.

வாத்தியார் விஷயத்தைக் கேட்டார். குடையை மடக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் ஏறி உட்கார்ந்தபோது, ஆறேழு மாதமாக யாருக்கும் இளகாத லாரிப் பட்டைகள், பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்தோடு வளைந்து கொடுத்தன. வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. கும்பிடு முதன்முறையாகத் தெருவை நேராகப் பார்த்தது. காத்தமுத்து கடைசியாக ஏறிக்கொண்டார்.

சோலைமுத்து ஓட்டினான். மாதா கோயில் முக்குப் பள்ளம் வந்தபோது உடம்பு தானாக இறுகியது. பள்ளம் வந்தது, போனது. பின்னால் அத்தனை பேரும் ஒரே மூச்சாகத் தணிந்து ஒரே மூச்சாக எழுந்தார்கள், அவ்வளவுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தான். சேலை மறைப்பைச் சுற்றி வரிசையாகத் தலைகள், எல்லாம் வெளியே பார்த்தபடி. கம்பங்காட்டை அதற்கு முன் யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். வாத்தியார் ஒரு தடவை இருமினார்.

"மூட்டை இருமாது" என்றார் காத்தமுத்து, தாழ்ந்த குரலில்.

சண்முகவள்ளி முனகும்போதெல்லாம் ஒருவர் தொடையை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். மேட்டில் வண்டி திணறியபோது ஒருவன் தன்னையறியாமல் நாக்கைச் சுழற்றி, மாட்டை விரட்டுகிற சத்தம் கொடுத்தான். வண்டி ஏறிவிட்டது. அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

ஆற்றில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். இந்தப் பாரத்தோடு மணலில் இறங்கினால் சக்கரம் புதையும் என்று எல்லோருக்கும் தெரியும்; பாரம் இறங்கினால் வண்டி துள்ளும் என்பதும் தெரியும். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பாதிப் பேர் குதித்து, இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்து, தள்ளிக்கொண்டே கீழ்நோக்கியும் அமுக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். வண்டியைத் தூக்கிவிடுகிறவர்களைச் சோலைமுத்து பார்த்திருக்கிறான். எழும்பாமல் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை அன்றுதான் பார்த்தான். குதிக்கத் துடிக்கிற ஒரு பெரிய மிருகத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கூட்டிப்போவது மாதிரி. பழைய பாறை வந்தது. காத்தமுத்து மார்பு நனையக் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, பாறைக்கும் குடத்துக்கும் நடுவில் வைத்தார்.

"போ. என் கை போகுது. நீ போ."

வண்டி அவர் கைக்கு மேலாகக் கடந்தது. மறுகரையில் எல்லோரும் சொட்டச் சொட்ட ஏறிக்கொண்டபோது மூக்காயி சேலை இடுக்கு வழியாகத் தலையை நீட்டினாள். மடியிலிருந்த சொம்பில் தண்ணீர் விளிம்போடு நின்றது.

"பரவாயில்லடா உங்க வண்டி" என்றாள். உங்க என்றதை யாரும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். மூக்காயியும் பின்னாலேயே போனாள். கதவு சாத்தப்பட்டது. வெள்ளை உடுப்புக் கன்னியர் ஒருவர் மட்டும் படியில் நின்று, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு வண்டி நிறைய உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார்.

"இவ்வளவு பேரும் பொண்ணுக்குச் சொந்தக்காரங்களா?"

"இல்லீங்க தாயி" என்றார் காத்தமுத்து. "நாங்க லோடு."

கன்னியர் ஒன்றும் விளங்காமல் உள்ளே போனார். கடைசியில் இருந்த ஒருவன் காலை மடக்கி இறங்கப் பார்த்தான். பட்டை லேசாக எழும்பியது.

"எறங்காதடா" என்றார் காத்தமுத்து. "அவ திரும்பி வரணும்ல."

"அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும் காத்தமுத்து" என்றார் வாத்தியார்.

"ஆகட்டும்."

அவன் காலை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டான். வாத்தியாரும், அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன ஆட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும், அச்சுக்கு மேலிருந்து அசையவில்லை. தூறல் விழுந்தது. மலைக்கோட்டைப் பாறை பாதி மேகத்துக்குள் இருந்தது. சோலைமுத்து சக்கரத்தருகே தரையில் குந்தினான். அவன் கண்ணுக்கு நேரே பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அத்தனை பேரையும் தாங்கிக்கொண்டு, வில்போல வளைந்து, நிமிர்ந்துவிடாமல் காத்திருந்தன. ஈரவேட்டிகளிலிருந்து சொட்டிய தண்ணீர் அவற்றின் மேல் வழிந்து விளிம்பில் கோத்து நின்றது.

உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கதவின் பக்கம் சாய்ந்தார்கள். பட்டைகள் மெல்ல முனகின. வண்டி ஒரு விரற்கடை அந்தப் பக்கம் தாழ்ந்து, அப்படியே நின்றது.