இரண்டு சுற்றுக் குறைக்கலாமா

ஸாலிஹாவின் முதுகுக்குள் ஜாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி, அவள் கொழும்பிலிருந்து வந்துசேர முன்பே சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டது. அனுப்பிவைத்தவன் அவளுடைய கணவன் ஜவுபர்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று உறவுக்காரருக்குப் போனில் விளங்கப்படுத்தியபோது அவனுக்கு வேறு சொல் அகப்படவில்லை. அவன் வாகன உதிரிப்பாகக் கடைக்காரன்.

உண்மையில் அது பெருவிரல் அளவான ஒரு டைட்டேனியம் குழாய். சில வருசங்களுக்கு முன் காரைதீவுப் பக்கம் ஸாலிஹா வந்த ஓட்டோ ஒரு மதகில் ஏறி விழுந்ததில், அவளுடைய முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கிப்போனது. வீட்டார் அதை வாயு என்றார்கள். எண்ணெய் பூசினார்கள். பூசப் பூச ஸாலிஹா கூனிக்கொண்டே போனாள். கால் மரத்து, ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் கல்முனைக் கடைத்தெரு முழுக்க நடந்துவிட்டு வந்த அன்றுதான் டொக்டரைத் தேடினார்கள்.

டொக்டர் அழகரெத்தினம் அவளைக் கொழும்புக்கு அழைத்து ஒப்பரேசன் செய்தார். நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் குழாயைச் சுருங்கினபடியே வைத்து, ஒரு சாவியால் திருகித் திருகி விரித்தார். மேல் எலும்பும் கீழ் எலும்பும் இருக்கவேண்டிய தூரத்துக்கு விலகியதும் பூட்டினார். பின்பக்கம் இரண்டு கம்பிகளை வைத்து ஆணி முடுக்கினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஜவுபருக்குக் கரைச்சல் தொடங்கியது.

இடுப்பு பெல்ட்டைக் கழற்றலாம் என்று சொன்ன நாள், ஸாலிஹா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் தலை சீவிக்கொண்டிருந்த ஜவுபர் கண்ணாடியைப் பார்த்தான். அவளுடைய கண்கள் அவனுடைய கண்களுக்கு மேலே இருந்தன. நிலம் சரிவு என்று நினைத்து அடுத்த மாபிள் கல்லுக்கு மாறி நின்றான். அங்கேயும் சரிவாகத்தான் இருந்தது.

அவனுடைய தங்கை முஸ்பிறா சுகம் விசாரிக்க வந்தாள்.

"மாஷா அல்லாஹ், மச்சி நல்லா வளந்திட்டீங்களே! இன்னும் வளருமாமே?"

"ஆரு சொன்ன?" என்றாள் ஸாலிஹா.

"ஜவுபர் காக்காதான் சொன்னாராம், உள்ளுக்கு ஜாக்கி எண்டு."

ஜவுபர் எழுந்து கடைக்குப் போனான். கடையில் பக்கத்துக் கடை மீராமுகைதீன் காத்திருந்தான்.

"ஜவுபர், அத அடிக்கடி முடுக்கோணுமா, இல்லாட்டித் தானா ஏறுமா?"

"ஏறா. பூட்டிக் கெடக்கு."

"பூட்டு லூசாகினா?"

ஜவுபருக்கு அதுவரை அப்படி ஒரு யோசனை வரவில்லை. அன்றிலிருந்து அதுவும் வந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜவுபருக்குச் சீனி வருத்தம். ஸாலிஹா கூனின காலத்திலிருந்து அவனுடைய மஸ்கெட் இனிப்பு டின் அலுமாரிக்கு மேலே, எவர் கண்ணிலும் படாமல் நிம்மதியாக வாழ்ந்துவந்தது. ஒருநாள் காலையில் ஸாலிஹா அலுமாரியைத் தாண்டிப் போனாள், நின்றாள், டின்னை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது ஆருட?"

"வாறவங்களுக்கு."

"வாறவங்க அலுமாரிக்கு மேல ஏறியா திங்கிற?"

டொக்டர் அழகரெத்தினம் மாதத்தில் ஒருநாள் கல்முனைக்கு வந்து நோயாளர்களைப் பார்ப்பார். அடுத்த தடவை வந்தபோது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது, அந்தியில் நன்றாக நடக்கவேண்டும் என்றார். ஸாலிஹா வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். ஜவுபர் உள்ளே நின்றுகொண்டான்.

"சேர், ஒரு சின்ன விசயம். அத ரெண்டு சுத்துக் குறைக்கலாமா?"

"எதை?"

"உள்ளுக்கு வெச்சத."

"ஏன், நோகுதாமா?"

"நோவில்ல சேர்."

"கால் விறைக்குதா?"

"இல்ல, நல்லா நடக்கிறா."

"அப்ப?"

"உசரம், சேர்."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் அவவை உயர்த்தல்ல. நசிஞ்சு கிடந்த இடத்தைப் பழைய அளவுக்கு விட்டிருக்கன், அவ்வளவுதான். பூட்டினது பூட்டினதுதான். இப்ப அதைச் சுத்தி எலும்பும் வளருது."

"அப்ப இதுவா சேர் அவட பழைய அளவு?"

"அது உங்களுக்குத்தானே தெரியோணும்? கலியாணம் முடிச்சு எவ்வளவு காலம்?"

"இருவத்தாறு வருசம்," என்று ஜவுபர் சொன்னான். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். அது திறந்தபடி இருந்தது.

ஓட்டோவில் ஸாலிஹா முதலில் ஏறினாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கலியாணத்தண்டே நான் உங்கள விட ரெண்டு விரல் உசரம்."

"என்ன விசர்க்கதை கதைக்காய்?"

"உம்மாதான் சொன்னா, மாப்புள கட்டை, நீ கொஞ்சம் குனிஞ்சி நட புள்ள எண்டு. குனிஞ்சன். பொறகு அதே பழகிட்டு. எலும்பு நொறுங்கினாப் பொறகு தானாக் குனிஞ்சிட்டன், அது லேசாப் போச்சு." அவள் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே இருந்தாள். "பெல்ட்டக் கழட்டின பொறகு உங்கட முகத்தப் பாத்துட்டு, குனிவம் எண்டு ரெண்டு நாள் பாத்தன். கம்பி உடுதில்ல."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற? நீங்க கட்டை எண்டா?"

அன்று மத்தியானம் ஜவுபர் சோற்றுக்கு முன்னால் இருந்தான். படம் எடுக்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு கதிரையில் இருந்தது, வாசற்படியில் எப்போதும் ஒரு படி கீழே நின்று கதைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அதையெல்லாம் அவன் அடக்கம் என்று நினைத்திருந்தான். ஊராரிடம் அப்படிச் சொல்லியும் இருந்தான். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் குசினிக்குப் போனான்.

"குனிஞ்சி குனிஞ்சிதானா அந்த எலும்பு போன?"

"இல்ல. அது மதகு," என்றாள் ஸாலிஹா, பானையைக் கழுவிக்கொண்டே.

அந்தப் பதிலில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை.

அந்தியில் அஸர் தொழுதுவிட்டு வந்தவன், "நடக்கப் போவமா?" என்று கேட்டான். பெல்ட் கழற்றியதிலிருந்து அவளுடன் நடக்கும்போது ஜவுபர் முன்னுக்கோ பின்னுக்கோ எப்போதும் ஓர் எட்டுத் தள்ளித்தான் போவான். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தானே அளவு தெரியும். அன்று பக்கத்தில் நடந்தான். கடற்கரை ரோட்டில் வழக்கமான கதைகாரர் எல்லாரும் இருந்தார்கள். மீராமுகைதீனும் ஒரு தோணியில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"என்ன ஜவுபர், மனிசி உன்ன முந்திட்டா போல?"

"இப்ப இல்லடா. கலியாணத்தண்டே முந்தித்தான் இரிந்தா. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

மீராமுகைதீன் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தான். அது இந்தப் பதிலுக்குப் பொருந்தவில்லை. தோணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்து முடிந்திருந்தது. வலையைச் சுற்றிச் சனம் மதில் மாதிரி நின்றது. ஜவுபர் எட்டிப் பார்த்தான். பெருவிரலில் எழும்பியும் பார்த்தான். முதுகுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குதிக்காலை மணலில் வைத்துவிட்டு ஸாலிஹாவிடம் கேட்டான்.

"என்ன பட்டிருக்கு?"

அவள் இருந்த இடத்தில் நின்றபடியே பார்த்தாள்.

"கீரி மீன். நடுவுல நாலு பாரையும் கெடக்கு. நல்ல பெரிசு."

"எடுப்பமா?"

"எடுக்கத்தான் வேணும். நீங்க போய்க் குனிஞ்சி பாத்து எடுங்க. எனக்கு ஏலா."

ஜவுபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சனத்துக்குள் நுழைந்தான்.