பன்னிரண்டு கிராம் ஆடு

கம்பெனிக்குத் தட்டி அனுப்பிய ஒப்பீட்டுப் பட்டியல் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. இடப்பக்கம் காட்டு மலையாடு, வலப்பக்கம் சதுப்பு நிலத்துச் சின்னப் பாட்டுக்குருவி. உயரம், எடை, இரை, ஆயுள் என்று எல்லாக் கட்டங்களையும் அவன் நிரப்பியிருந்தான். கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பாக நின்றது. ‘இரண்டுக்கும் பொதுவானது: காலியாக விடக் கூடாது.’ மூன்றாம் முறை திரும்பினால் ஆளை மாற்றிவிடுவார்கள். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போதே ஐந்தரை.

கிடங்கில் இராத்திரி ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. உடம்பு இன்னும் இரவையும் நம்பவில்லை, பகலையும் நம்பவில்லை. இந்த வேலையும் போனால் திங்கட்கிழமை மறுபடி அங்கேதான். மாமா சூப்பர்வைசரிடம் பேசி வைத்திருந்தார். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து வந்த அக்கா, செருப்பைக் கழற்றாமலே அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள்.

“அக்கா, மலையாட்டுக்கும் குருவிக்கும் என்ன ஒத்துமை?”

“ரெண்டும் என் வீட்ல உக்காந்து சாப்பிடல.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதையெல்லாம் எவன்டா படிக்கப் போறான்?”

“தெரியல. காலியா விடக் கூடாதாம்.”

“ஆடு எங்க நிக்கும்?”

“செங்குத்துப் பாறையில. ரெண்டு விரல் அகலம் போதும் அதுக்கு.”

“குருவி?”

“நாணல் தண்டுல. காத்தடிச்சா தண்டோட சேந்து சாயும். பிடிய விடாது.”

எட்டிப் பார்த்தான். அலமாரிப் பலகையை ஒரு கையால் பிடித்தபடி, நின்ற வாக்கிலேயே அவள் தூங்கிவிட்டிருந்தாள். பால் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. அவளை இடிக்காமல் கைநீட்டி அடுப்பை அணைத்தான்.

திரும்பி வந்து, ‘நிற்க அதிக இடம் வேண்டாம்’ என்று தட்டினான். கட்டம் பச்சையானது.

அப்போதுதான் மேலே பார்த்தான். ஆட்டின் எடை பன்னிரண்டு கிராம். குருவி தொண்ணூறு கிலோ. இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். இரண்டு தடவை போய் வந்தும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சரிபார்த்த கட்டங்களைப் பூட்டிவிடுவார்கள். திறந்துவிடச் சொன்னால் அதுவும் மூன்றாம் முறை திரும்பியதாகத்தான் கணக்கில் சேரும்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான்.

திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் அக்கா இன்னும் பிடியை விடவில்லை. அவள் கைக்குக் கீழே பலகை நடுவில் லேசாக வளைந்திருந்தது.