பத்தாம் வகுப்பு பிடித்த சுவர்

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப் சுவரில் எவனோ என் மகள் சினேகாவின் பெயரைக் கரிக்கட்டையால் எழுதி, பக்கத்தில் அம்பு விட்ட இதயமும் வரைந்திருந்தான். டவுன் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் படித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சுண்ணாம்பு வாளியோடு போய் வெள்ளையடித்தேன். மறுநாள் இன்னும் பெரிதாக எழுதியிருந்தான். மூன்று தடவை இதே கதை. வெள்ளைச் சுவர் அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"பள்ளிக்கூடம் போனது போதும். என்கூட திராட்சைத் தோட்டத்துக்கு வந்துரு" என்றேன்.

"ஒரு நாள் பொறும்மா" என்றாள் சினேகா.

மறுநாள் சுவரின் நான்கு மூலையிலும் நீலப் பெயின்ட்டில் அம்புக்குறி. நடுவில், "2026 முதல் 2031 வரை இந்தச் சுவர் பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு." கீழே இருபத்து மூன்று பெண்களின் பெயர்கள். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்சிக்காரர்கள் இப்படித்தான் சுவர் பிடிப்பார்கள். ஒருவர் பிடித்ததில் இன்னொருவர் கை வைத்தால் அடிதடிதான். ஆனால் சுவருக்குச் சொந்தக்காரரை எந்தக் கட்சியும் கேட்டதில்லை. இவள் சொந்தக்காரரான மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தாள்.

"கட்சிக்காரக வந்து அழிச்சாகன்னா அன்னிக்கே தோட்டம்தான்" என்று சொல்லி வைத்தேன்.

கரிக்கட்டை திரும்ப வரவில்லை. இருபத்து மூன்று வீட்டைப் பகைக்க யாருக்குத் தைரியம் வரும்? சனிக்கிழமை பிள்ளைகள் திராட்சைப் பந்தலும் மலையும் வரைந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும் பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "நாந்தான் எழுதுனேன், மன்னிச்சிரு" என்றான். எனக்குக் கை பரபரத்தது. சினேகா அவனிடம் பிரஷ்ஷை நீட்டினாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. பஸ் டைம் எழுது."

திங்கட்கிழமை காலை கட்சிச் செயலாளர் கர்ணன் பெயின்டரோடு வந்து இறங்கினார். அவரைக் கண்டால் கடைத்தெருவே எழுந்து நிற்கும். சுவரை மேலும் கீழும் படித்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற சினேகாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஆத்தா, ஒரு ஓரம் மட்டும் குடு. சின்னம் போட்டுக்கிறோம்."

"செவரு புடிச்சாச்சுல்ல மாமா? முப்பத்தொண்ணுக்குப் பெறகு வாங்க."

கர்ணன் பெயின்டரைப் பார்த்தார். "வாளியை எடுப்பா. புடிச்ச செவத்துல கை வைக்கக் கூடாது."

இவளையா தோட்டத்துக்குக் கூப்பிட்டேன்! பஸ் வந்ததும் அவள் பையை நானே தூக்கிக் கொடுத்து ஏற்றிவிட்டேன். "அது என் மக, என் மக" என்று, கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னேன்.